எண்ணெய் ஊற்றாத எண்ணெய்க்காரர்

அன்புள்ள சின்னவனுக்கு அப்பா சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுவது.

ஆற்றுப் பாலத்தின் நடுத்தூண் வெள்ளத்தோடு போய், இந்தக் கரைக்காரர்கள் எல்லாம் சந்தைக்குப் படகில் போய்வந்தார்களே, ரயில் நிலையத்துப் பெரிய கடிகாரம் நின்றுபோய் ஊரே ஆளுக்கொரு மணி சொல்லிக்கொண்டு திரிந்ததே, உன் அண்ணன் தவழ்ந்து போய் அடுப்படிச் சாம்பலை அள்ளித் தின்றானே, அந்த வருஷம் நடந்த ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். முதலில் நலம் விசாரித்துவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் அம்மா சும்மா விடமாட்டாள். இங்கே நாங்கள் அவரவர் வயதுக்கு ஏற்ற வலிகளோடு சுகமாகத்தான் இருக்கிறோம், அங்கே நீ வலி எதுவும் இல்லாமல் சுகமாக இருக்க வேண்டும். அம்மாவுக்கு முழங்கால் வீக்கம் வற்றிவிட்டது, ஆனால் டாக்டர் மாடிப்படி ஏறாதே என்று சொன்ன நாளிலிருந்து அவளுக்கு மாடியில்தான் எல்லா வேலையும் இருக்கிறது. உன் அண்ணனுக்குப் பழைய தடத்தை மாற்றி ஊருக்கு வெளியே போகிற பஸ்ஸைக் கொடுத்திருக்கிறார்கள், இப்போது வீட்டுக்கு வந்தும் சோற்றுத் தட்டைப் பார்த்து ‘உள்ளே தள்ளுங்க, உள்ளே தள்ளுங்க’ என்கிறான். பின்னறைக் கூரை ஒழுகுகிற இடத்தை நானே அடைத்தேன், இப்போது பக்கத்தில் இன்னொரு இடத்தில் ஒழுகுகிறது. அவ்வளவுதான் வீட்டுச் சேதி.

இனி உன் சேதிக்கு வருகிறேன். போன வாரம் போனில் நீ சொன்னதிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. போனில் பதில் சொன்னால் பாதியிலேயே ‘அப்புறம் பேசறேன்பா’ என்று வைத்துவிடுவாய், அதனால்தான் எழுதச் சொன்னேன். உன் அண்ணி இதை எழுதி முடித்த அன்றைக்கே படம் எடுத்து உனக்கு அனுப்பிவிடுவாளாம். நான் புரிந்துகொண்டது சரிதானா பார். அந்தப் பந்தாட்டக் குழுவில் நீயும் உன்னோடு ஆட்டக்காரர்கள் சட்டை துவைக்கிறவர்களும் மைதானத்துப் புல் வெட்டுகிறவர்களும் சம்பளம் கூட்டிக் கேட்டிருக்கிறீர்கள். ஆபீஸில் இருக்கிறவர்கள் கையை விரித்து, என்ன செய்வது, இருக்கிற பணத்தையெல்லாம் அந்தப் பதினேழாம் நம்பர் ஆட்டக்காரன் ஒருவனே வாங்கிக்கொண்டு போகிறான் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் உன் கூட்டாளிகள் வருகிற ஆட்டத்தன்று வாசலில் நின்று அவனுக்கு எதிராகப் பலகை பிடிக்கப் போகிறார்கள். அவன் சட்டையைக் கையால் துவைக்கிறவன் நீ என்பதால் உன்னை முன்னால் நிறுத்தினால் பத்திரிகைக்காரர்கள் ஓடி வருவார்கள் என்று உன்னைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். நின்றால் வேலை போனாலும் போகும். நிற்காவிட்டால் நாளைக்கு அவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது. இதற்கு நடுவில் நீ என்னிடம் கேட்டாய், அப்பா, அவனுக்கு அவ்வளவு சம்பளம் தகுமா என்று. இதுவரை நீ என்னிடம் கேட்டதெல்லாம் பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்கிற மாதிரிக் கேள்விதான். இவ்வளவு பெரிய கேள்வியை நீ என்னிடம் கேட்டதில் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

வீட்டில் எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தேன். உன் அம்மாவுக்கு யோசனையே தேவைப்படவில்லை. ‘அவன் பந்தை உதைக்கலைன்னா யாருக்கு என்ன நட்டம்? நம்ம புள்ளை துணி துவைக்கலைன்னா அந்த மைதானமே நாறும்’ என்று ஒரே வெட்டாக வெட்டிவிட்டாள். உன் அண்ணன் வேறு மாதிரி. ‘குடுக்கிறவன் குடுக்கிறான், வாங்கிறவன் வாங்கிறான், உங்களுக்கு ஏம்பா வயிறு எரியுது’ என்கிறான். எனக்கு வயிறு எரியவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான். அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்று அவனையே கேட்டேன். டிக்கெட்டில் கொஞ்சம், டிவிக்காரர்கள் கொடுப்பது நிறைய, அப்புறம் அவன் நம்பர் போட்ட சட்டையை உலகம் பூராவும் விற்கிறார்கள் என்றான். அப்போதுதான் எனக்கு உறைத்தது, நம் தெருவில் காலையில் பால் போடுகிறவர் போட்டிருப்பதும் பதினேழு போட்ட சட்டைதான். முதுகில் யார் பெயரைச் சுமக்கிறாய் என்று அவரைக் கேட்டேன். ‘பெயரெல்லாம் யாருக்குத் தெரியும் பெரியவரே, துணி நல்லா காத்தோட்டமா இருக்கு’ என்றார். ஆக, பெயர் தெரியாதவர் காசும் அவனிடம் போய்ச் சேருகிறது. இதை என்ன கணக்கில் எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

போன ஆட்டத்தை டிவியில் உட்கார்ந்து முழுதாகப் பார்த்தேன். பந்தைப் பார்க்கவில்லை, அவனை மட்டும் பார்த்தேன். பாதி நேரம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்கிறான் தம்பி. நடக்கிறான், காலுறையை இழுத்துவிடுகிறான், எங்கேயோ வானத்தைப் பார்க்கிறான். இதற்கா இவ்வளவு என்று எனக்கே கோபம் வந்தது. அப்புறம் பார்த்தால் ஒரு பந்து வருகிறது, யாரும் இல்லாத இடத்தில் இவன் முன்னாலேயே போய் நிற்கிறான், கூட்டம் எழுந்திருக்கும்போது பந்து வலைக்குள் கிடக்கிறது. அதுவரை அவன் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது வேலையா சும்மாவா? தீயணைப்பு நிலையத்தில் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்களே, அதற்கும் சேர்த்துத்தானே சம்பளம். ஆனால் தீயணைப்புக்காரர் எரிகிற வீட்டுக்குள் போகிறார், இவன் வலைக்குள் பந்தை அனுப்புகிறான், அவருக்கு இவன் சம்பளத்தில் தூசு அளவுகூடக் கிடையாது. இப்படி நான் ஒரு பக்கம் சாய்ந்தால் இன்னொரு பக்கம் இழுக்கிறது. உன் அண்ணி எழுதுவதை நிறுத்திவிட்டு, ‘மாமா, தகுமா தகாதா, ஒண்ணு சொல்லுங்க, தாள் தீருது’ என்கிறாள். அதற்குத்தான் அந்தப் பாலம் இடிந்த வருஷத்துக்கு வருகிறேன்.

நான் சாக்கு ஆலையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தது உனக்குத் தெரியும். ஆலைக்கு ஒரு பந்தாட்டக் குழு இருந்தது, அது உனக்குத் தெரியாது, நீ பிறப்பதற்குள் குழுவே போய்விட்டது. ஆட்டக்காரர்கள் எல்லோரும் ஆலையில் வேலை செய்கிறவர்கள். நெசவுக் கொட்டகையில் இரண்டு பேர், தையலில் மூன்று பேர் என்று ஆங்காங்கே இருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை கொட்டகைக்குப் பின்னால் மைதானத்தில் கயிறு கட்டி டிக்கெட் போடுவார்கள், ஊரே வரும். அந்தக் குழுவில் முன்னால் நின்று ஆடியவன்தான் வாத்து. பாதம் இரண்டையும் வெளிப்பக்கம் திருப்பி அசைந்து அசைந்து நடப்பான், அதனால் அந்தப் பெயர். பந்து காலுக்கு வந்தால் மட்டும் அந்த நடை எங்கே போகும் என்று தெரியாது. ஆறு நாளும் சணல் தூசியைத் தின்றுவிட்டு இருமிக்கொண்டே போய் நிற்போம், அவன் காலில் பந்து இருக்கிற நேரம் ஒருத்தனும் இருமமாட்டான். நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன். பந்து போனதும்தான் ஒரு பக்கத்திலிருந்து இருமல் ஆரம்பிக்கும்.

வாத்துக்கு ஆலையில் வேலை என்று ஒன்றும் கிடையாது. காலையில் வருவான், சாக்குக் கட்டின்மேல் படுத்துத் தூங்குவான், மாலையில் எழுந்து பந்தோடு போவான். ஆனால் சம்பளப் பட்டியலில் ஏதாவது ஒரு வேலை போட வேண்டுமே, பந்து உதைப்பவர் என்று போட முடியாதே. அதனால் இயந்திரங்களுக்கு எண்ணெய் ஊற்றுகிற ஆட்களோடு சேர்த்து இவனையும் எண்ணெய்க்காரர் என்று போட்டு, எண்ணெய்க்காரர் சம்பளத்தைப்போல் இரண்டு மடங்கு கொடுத்தார்கள். எண்ணெய் டப்பாவை அவன் தொட்டதே கிடையாது. மற்றவர்களுக்குக் கொட்டகையில் சம்பளம், அவனுக்கு மட்டும் மாடி ஆபீஸில்.

அந்த வருஷம் போனஸ் வரவில்லை. போய்க் கேட்டதற்கு மேனேஜர், எண்ணெய்க்காரர் ஒருவருக்கு இரட்டைச் சம்பளம் போகிறது, அதில்தான் உங்கள் போனஸ் கரைந்துவிட்டது என்றார். இப்போது உனக்கு உன் ஆபீஸ்காரர்கள் குரல் கேட்கிறதா? எங்கள் சங்கத் தலைவனை ஒலிபெருக்கி என்று கூப்பிடுவோம், தொண்டை அப்படி. அவன் மறுநாளே வாசலில் ஒரு கால் குட்டையான ஸ்டூலைப் போட்டு ஏறினான். அவன் கெட்டிக்காரன், வாத்து என்கிற பெயரை வாயிலேயே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் பாதிப் பேர் கை தூக்கியிருக்கமாட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை தோளில் தூக்குகிறவனைத் திங்கட்கிழமை எப்படிக் கீழே போடுவது. அதனால் பட்டியலில் இருக்கிற சொல்லை எடுத்துக்கொண்டான். ‘எண்ணெய் ஊத்தாத எண்ணெய்க்காரனுக்கு எதுக்குடா ரெட்டைச் சம்பளம்? நிறுத்தணும்கிறவன் கையைத் தூக்கு’ என்று ஒரு கத்துக் கத்தினான். யாரைச் சொல்கிறான் என்பது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அந்தச் சொல்லுக்கு முகம் கிடையாது பார், அதனால் கை தூக்குவது சுலபமாக இருந்தது. காடு மாதிரிக் கைகள் எழுந்தன. என் இரண்டு கையும் ஸ்டூல் சாயாமல் பிடிப்பதில் இருந்தன, முகம் மட்டும் கூட்டத்தைப் பார்த்தபடி. அதனால் நான்தான் முதலில் பார்த்தேன். மூன்றாவது வரிசையில், பந்து கேட்பதுபோல் நிமிர்ந்து நின்று, வாத்தும் கையைத் தூக்கியிருந்தான்.

பக்கத்தில் நின்றவன் பார்த்துச் சிரித்தான், அப்புறம் அதற்கு அடுத்தவன், கடைசியில் வாசல் முழுக்கச் சிரிப்பு. தான்தான் அந்த எண்ணெய்க்காரன் என்று பாவம் அவனுக்கே தெரியாது என்று எல்லோரும் முடிவு கட்டிவிட்டோம். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டவன் என்று அன்றிலிருந்து அவனுக்கு ஒரு பேச்சு ஒட்டிக்கொண்டது. யாராவது ஏமாந்து நின்றால் ‘என்னடா, வாத்து மாதிரிக் கையைத் தூக்கிட்டியா’ என்பார்கள். உன் அம்மாகூட என்னைப் பலமுறை அப்படிச் சொல்லியிருக்கிறாள், நீ காதால் கேட்டிருப்பாய், எங்கிருந்து வந்த பேச்சு என்று இப்போது தெரிந்துகொள்.

மேனேஜருக்குக் கேட்கவா வேண்டும், மறுநாளே இரட்டைச் சம்பளத்தை நிறுத்தி, எண்ணெய் டப்பாவையும் அவன் கையில் கொடுத்துவிட்டார். அவனுக்கு எந்த இடத்தில் ஊற்றுவது என்று தெரியாது, யாரும் சொல்லிக்கொடுக்கவும் இல்லை. எங்கே கிரீச் கிரீச் என்று கேட்டதோ அங்கே ஊற்றினான். சுற்றுகிற பெல்ட்டின் மேலேயே ஊற்றிவிட்டான். பெல்ட்டில் எண்ணெய் பட்டால் வழுக்கும், சக்கரம் தன்பாட்டுக்குச் சுற்றும், இயந்திரம் அசையாது. கொட்டகை முழுக்க நின்றுபோயிற்று. மேஸ்திரி தலையில் அடித்துக்கொண்டு, ‘பெல்ட்டுக்கு எவனாவது எண்ணெய் ஊத்துவானாய்யா’ என்று குதித்தார். வாத்து டப்பாவைக் கீழே வைத்துவிட்டு, ‘அதுதான் ரொம்ப நேரமா கத்திக்கிட்டே இருந்துச்சு’ என்றான். இதைச் சொல்லும்போது இப்போதும் எனக்குச் சிரிப்பு வருகிறது, உன் அண்ணியும் எழுதாமல் சிரிக்கிறாள்.

சரி, இரட்டைச் சம்பளம் நின்றது, போனஸ் வந்ததா? வரவில்லை. போய்க் கேட்டோம். இப்போது பெல்ட் மாற்றிய செலவில் கரைந்துவிட்டது என்றார். அதற்கு அப்புறம் பாலம் கட்டுகிற வரியில் கரைந்தது. நாங்கள் கீழே கொட்டகையில் சாக்குத் தைத்தோம், அவர் மேலே அறையில் உட்கார்ந்து எங்களைவிட வேகமாகச் சாக்குச் சொன்னார், இரண்டும் சேர்ந்துதான் அது சாக்கு ஆலை. வாத்து நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை கால்களை இழுத்துக்கொண்டு ஆடினான், தோற்றோம், கூட்டம் குறைந்தது, டிக்கெட் நின்றது, குழுவைக் கலைத்தார்கள். அவனிடமிருந்து எடுத்த காசில் ஒரு பைசா எங்கள் பக்கம் இறங்கி வரவில்லை தம்பி. அது எங்கே போயிற்று என்று கேட்க வேண்டும் என்பது ஒலிபெருக்கிக்கும் தோன்றவில்லை, ஸ்டூல் பிடித்த எனக்கும் தோன்றவில்லை. ஒருவனுக்குத் தகுமா தகாதா என்று பேசிக்கொண்டே இருந்தோம், அவனுக்குக் கொடுத்தது போக மீதி யாரிடம் இருக்கிறது என்று பேச்சே எடுக்கவில்லை.

இவ்வளவும் ஞாபகம் வந்த பிறகு என்னால் வீட்டில் உட்கார முடியவில்லை. உன் அண்ணன் கண்டக்டராகப் போகிற பஸ்ஸிலேயே ஏறி வாத்தைப் பார்க்கப் போனேன். அவன் இப்போது மகளோடு இருக்கிறான், கீழே அவளுடைய தையல் கடை, மேலே ஓர் அறை. படி ஏறும்போது தையல் இயந்திரத்தின் சத்தம் காலில் அதிர்கிறது. ஜன்னலோரம் காலை நீட்டித் தலையணைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், முழங்கால் இரண்டும் போய்விட்டன, கக்கூசுக்குப் போகவே மகள் தோள் வேண்டும். என்னை அடையாளம் தெரியவில்லை. ஸ்டூல் பிடித்தவன் என்றேன். ‘அட மூட்டைக்காரா, நீ இன்னும் போகலையா’ என்றான். ‘நீ போகட்டும்னு பார்த்துக்கிட்டிருக்கேன்’ என்றேன். மகள் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, அப்பா இப்படிச் சிரித்து ரொம்ப நாள் ஆயிற்று என்றாள்.

உன் கேள்வியை அப்படியே அவனிடம் வைத்தேன். டிவியில் பதினேழை அவனும் பார்ப்பானாம். தன் இடது காலை அவன் நம்பமாட்டேன் என்கிறான், அதுதான் குறை, மற்றபடி ஆள் சரி என்றான். சம்பளம் தகுமா என்றேன். ‘எனக்குக் குடுத்த ரெட்டைச் சம்பளமே தகுமான்னு எனக்குத் தெரியாது, ஞாயித்துக்கிழமை தகும்னு தோணும், திங்கட்கிழமை உங்களையெல்லாம் பார்த்தா தகாதுன்னு தோணும்’ என்றான். சரி, அதை விடு, அன்றைக்கு நீ தெரியாமல்தானே கை தூக்கினாய் என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்தான். ‘ஏன்யா, மாசாமாசம் மாடியில கேஷியர் எண்ணெய்க்காரரே வாங்கன்னுதான் கூப்பிடுவான், எனக்கா தெரியாது?’ என்றான். பிறகு எதற்கு உன் சம்பளத்துக்கு எதிராக நீயே கையைத் தூக்கினாய் என்றேன். தேநீரை ஊதிக் குடித்துவிட்டுச் சொன்னான், ‘நெசவுக்காரன், தையல்காரன் எல்லாரும் தூக்கிட்டாங்க, நான் மட்டும் கையைக் கீழ வச்சிருந்தா அடுத்த ஞாயித்துக்கிழமை எனக்குப் பந்து யாருய்யா குடுப்பா?’

இத்தனை வருஷமாக ஒரு ஊரே முட்டாள் என்று சிரித்த கை அது. இன்னொன்றும் சொன்னான். ‘கூட்டம் போடறதுக்கு முன்னாடி ஒருத்தன் வந்து என்கிட்ட கேட்டிருந்தா அந்த ஸ்டூல்ல நானே ஏறியிருப்பேன், போனஸ் குடுக்கலைன்னா ஞாயித்துக்கிழமை ஆடமாட்டேன்னு சொல்லியிருப்பேன், முதலாளி அரை மணியில கீழ இறங்கி வந்திருப்பான். ஒருத்தரும் கேக்கலை’ என்றான். அது உண்மைதான். ஒலிபெருக்கி கத்தினால் மேனேஜருக்குக் காது வலிக்கும், அவ்வளவுதான். வாத்து ஆடமாட்டேன் என்றால் கயிற்றுக்கு வெளியே நிற்கிற ஊர் மொத்தமும் மாடிக்கு ஏறி வரும்.

அதனால் தம்பி, தகுமா என்கிற உன் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை, நீ அடுத்த முறை வரும்போது நாம் இருவரும் உட்கார்ந்து இன்னும் பேசலாம். ஆனால் நீ செய்ய வேண்டியது எது என்று தெரிகிறது. பலகை பிடிக்கிறதற்கு முன்னால் அவனிடம் போ. நீ சொல்லியிருக்கிறாய், அவன் சட்டையை உன்னைத் தவிர வேறு யாரும் மடிக்கக் கூடாதாம், அவனே உன்னிடம் வந்து வாங்கிக்கொள்வான் என்று. அப்படி வரும்போது நேராகக் கேள். ஐயா, எங்களுக்குச் சம்பளம் கூட்டாததற்கு ஆபீஸில் உங்கள் பெயரைச் சொல்கிறார்கள், இது உங்களுக்குத் தெரியுமா, எங்கள் பக்கம் ஒரு வார்த்தை சொல்வீர்களா என்று கேள். கெஞ்சவும் வேண்டாம், விறைக்கவும் வேண்டாம். அவன் பெரிய ஆள், முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாலும் போவான். போனால் அப்புறம் நீ பலகையைத் தூக்கு, முன்னாலேயே நில், நான் தடுக்கமாட்டேன், வேலை போனால் வீட்டுக்கு வா, இங்கே ஒழுகாத மூலை ஒன்று உனக்கு இருக்கிறது. ஆனால் பலகையில் அவன் நம்பரை எழுதாதே, ஆபீஸ்காரர் பெயரை எழுது. கேட்காமல் மட்டும் நிற்காதே. உன் கூட்டாளிகள் கோழை என்று சொன்னால் இந்தக் கதையைச் சொல்லு, எங்கள் அப்பா ஸ்டூல் பிடித்தவர் என்று சொல்லு.

சோப்புத் தண்ணீரில் கை வெடித்திருப்பதாகச் சொன்னாயே, உறை போட்டுக்கொண்டு துவை, வெட்கப்படாதே. சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. அம்மா இரண்டு உள்சட்டை அனுப்பியிருக்கிறாள், அளவு பத்தாவிட்டாலும் நன்றாக இருக்கிறது என்றே சொல். அந்தப் பதினேழு என்ன சொன்னான் என்பதை ஒரு வார்த்தை குறையாமல் எனக்குச் சொல்ல வேண்டும், மறந்துவிடாதே, வாத்தும் தெரிந்துகொள்ளக் காத்திருக்கிறான். நீ எடுக்கிற காரியம் உனக்கும் உன்னோடு நிற்கிறவர்களுக்கும் நல்லபடியாக முடியட்டும், உன் வாய்க்குத் தைரியமும் உன் கைக்குக் குளிர்ச்சியும் இருக்கட்டும் என்று அம்மாவும் நானும் ஆசீர்வதிக்கிறோம். கீழே இருப்பது உன் அப்பாவின் பெருவிரல்.

மை காய்வதற்குள் இதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். இந்த வாரமே போய்க் கேட்டுவிடு, கேட்க ஆள் இருக்கும்போதே கேட்டுவிடு. ஒலிபெருக்கி தொண்டையில் கட்டி வந்து பேச்சில்லாமல் போய்ச் சேர்ந்தான், மேஸ்திரி போய்விட்டார், எங்கள் குழுவில் கோல் காத்தவன் படகு கவிழ்ந்து போனான், நெசவுக்காரர்கள் இருமி இருமியே ஒவ்வொருவராகப் போனார்கள். அன்றைக்கு அந்த வாசலில் கை தூக்கிய அத்தனை பேரிலும் இன்றைக்கு உயிரோடு இருப்பவன் ஒருவன்தான், வாத்து.